நேர உள்ளீடும் வன்னியின் இரு கடிகாரங்களும்

கணினிக்கு நேரத்தைக் கூறுவது எளிய கருமமெனத் தோன்றும். படிவமொன்றில் ‘8.30’ என எழுதப்பட்டிருப்பின் மனிதர் எவரும் அதனை எட்டரை மணியென்றே கொள்வர். செய்நிரலோ அப்புள்ளியைத் தசமப்புள்ளியாகக் கொள்ளவுங்கூடும். அவ்வாறாயின் அது எட்டு மணி பதினெட்டு நிமிடமாகிவிடும். ஆகவேதான் நிரல் நூலகங்கள் நேரத்தை ஏற்குமுன் அதன் வடிவத்தைச் சோதிக்கின்றன. மணி 0 முதல் 23 வரை, நிமிடம் 0 முதல் 59 வரை, இடையே முக்காற்புள்ளி என்பது பொது விதி. நம் அறிவித்தல்களில் வழங்கும் ‘மு.ப.’, ‘பி.ப.’ என்பன வருமிடத்து மணி 1 முதல் 12 வரையே அமையும், ‘பி.ப. 15.00’ தள்ளப்படும். இவ்விதிகளும் ஐயத்துக்கு அப்பாற்பட்டனவல்ல. 24:00 என்னும் வடிவத்தை ஐ.எஸ்.ஓ. 8601 நியமம் 2019இல் நீக்கி, 2022இல் மீண்டும் அனுமதித்தது.

எனினும் வடிவஞ் சரியான நேரமெல்லாம் நிகழ்ந்த நேரமாகா. இதனை உணர்தற்கு வவுனியாவை விடப் பொருத்தமான களம் அரிதெனலாம்.

மின்சார நெருக்கடி காரணமாக இலங்கை அரசு 1996 மே 25 நள்ளிரவில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தியது. எனவே அன்றைய 00:30 அரச கணக்கில் இல்லாத நேரம். அவ்வாண்டு ஒக்டோபர் 26இல் அரைமணி பின்னகர்த்தியமையால் நள்ளிரவுக்குப் பிந்திய அரைமணி இருமுறை நிகழ்ந்தது. 2006 ஏப்ரல் 15இலேயே பழைய நேரம் முற்றாக மீண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இம்மாற்றங்களை ஏற்கவில்லை. வவுனியா நகரில் புதிய நேரம், வடக்கே பழைய நேரம் என்றாயிற்று.

2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டபின் இவ்வேறுபாடு அன்றாட அநுபவமாயிற்று. ஓமந்தையில் அரச சோதனைச்சாவடி, புளியங்குளத்தில் புலிகளுடையது. ஓமந்தையை 9:10க்குக் கடந்த ஒருவர் புளியங்குளத்தை 8:55க்கு அடைந்ததாக இரு பதிவேடுகள் கூறினால், இரண்டும் மெய்யே. புறப்பாட்டுக்குப் பின்னரே வருகை அமைதல் வேண்டுமெனச் சோதிக்கும் செய்நிரல் அம்மெய்யான பதிவைப் பொய்யெனத் தள்ளிவிடும். அப்பிரதேசத்து இடப்பெயர்வையும் வைத்தியசாலைக் குறிப்புகளையும் கணினிமயப்படுத்த முனைவோர்க்கு இது சிறிய பிரச்சினையன்று.

உலகக் கணினிகள் பெரும்பாலும் சார்ந்துள்ள நேரவலயத் தரவுத்தளம் இலங்கை முழுவதற்கும் ‘ஆசியா/கொழும்பு’ என்னும் ஒரே பதிவையே கொண்டுள்ளது. தமிழர் கட்டுப்பாட்டிலிருந்த பகுதியினர் ‘ஆசியா/கொல்கத்தா’வைப் பயன்படுத்தலாமென அதில் ஒரு குறிப்புண்டு. நேர்மையான குறிப்புத்தான், ஆயின் அது விளக்கவரியாகவே உள்ளது, விளக்கவரிகளைச் செய்நிரல் வாசிப்பதில்லை!

ஊரின் பெயரை மட்டும் கேட்பதும் போதாது. கிளிநொச்சி நகர் 1996 செப்டெம்பரில் இராணுவத்தின் வசமாகி, 1998 செப்டெம்பரில் மீண்டும் புலிகளின் வசமாயிற்று. ஆகவே ஊர், திகதி, பதிவேட்டை எழுதிய தரப்பு ஆகிய மூன்றும் வேண்டும். எழுதப்பட்ட நேரத்தை மாற்றாது அப்படியே பேணி, எக்கடிகாரம் என்பதைத் தனிப்புலமாகச் சேர்த்தலே தக்கதென்பது நம் கருத்து. அப்புலம் வெறுமையாயின் நூலகம் ‘சரி’, ‘பிழை’ என்னும் இரு விடைகளோடு ‘எந்த நேரம்?’ எனத் திருப்பிக் கேட்கும் மூன்றாவது விடையையும் கொண்டிருத்தல் வேண்டும்.