பினாங்கில் ஒரே நாளா? எந்தப் பேருந்தில் ஏறலாம்?

பள்ளி விடுமுறை வந்தால் போதும், வானொலி நேயர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "குடும்பத்தோடு பினாங்கு போகிறோம். ஒரே நாள்தான். சுற்றுலாப் பேருந்தில் ஏறினால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா?"

பார்க்கலாம், ஜன்னல் வழியாக! இறங்கிப் பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

விரும்பிய இடத்தில் இறங்கி, அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளும் மாடிப் பேருந்துக்கு நகரச் சுற்று, கடற்கரைச் சுற்று என இரண்டு தடங்கள். அடுத்த வண்டிக்கு அரை மணி நேரம் காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து இடங்களில் இறங்கினால் இரண்டரை மணி நேரம் நிறுத்தத்திலேயே போய்விடும். பாட்டியும் கைக்குழந்தையும் உடன் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

அதனால், பக்கத்தில் இருப்பதை நடந்து பாருங்கள். தூரத்தில் இருப்பதற்குப் பேருந்தை வைத்துக்கொள்ளுங்கள்.

2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தகுதி பெற்ற ஜார்ஜ்டவுன் மையப் பகுதி சிறியது. செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் இன் சீனக் கோயில், 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாம் சில நிமிட நடைதான். லிட்டில் இந்தியாவின் பூக்கடை வாசனையும் தோசைக்கல் சத்தமும் மாடிப் பேருந்துக்கு எட்டாது. கால் வலித்தால், ஜெட்டிக்கும் கொம்தாருக்கும் இடையே ஓடும் இலவச 'கேட்' பேருந்து கைகொடுக்கும்.

காலை வெயில் ஏறுமுன் இதை முடித்துவிட்டால், பிற்பகலில் ஒரே ஒரு திசையைத் தேர்ந்தெடுங்கள். பினாங்கு மலை ரயிலும் கெக் லோக் சி கோயிலும் ஆயர் ஈத்தாம் பக்கம். 204ஆம் எண் ரெப்பிட் பினாங்கு பேருந்து போதும். பத்து ஃபெரிங்கி கடற்கரைக்கு 101. மலையும் கடலும் வெவ்வேறு பக்கம் என்பதால், இரண்டையும் ஒரே பிற்பகலில் திணித்தால் சாலை நெரிசலைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

தண்ணீர்மலை முருகனைத் தரிசிக்க வேண்டுமா? ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் மாடிப் பேருந்து வேண்டாமா? வேண்டும், அதிகம் நடக்க முடியாதவர்களுக்கு. அவர்கள் இறங்காமல் ஒரு முழுச் சுற்று வரட்டும்; ஓரிடத்தில் மட்டும் இறங்கட்டும். டிக்கெட் வாங்குமுன் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி? கடைசி வண்டி எத்தனை மணிக்கு?

முதல் நாள் இரவே வீட்டில் ஆளுக்கொரு இடம் சொல்லச் சொல்லுங்கள். பாட்டி சொல்லும் இடம் பட்டியலில் முதலில் இருக்கட்டும். காலையில் அவருடைய கால்களுக்குத் தெம்பு இருக்கும். பிள்ளைகளுக்கு மாலை வரை இருக்கும்.