ரகசிய முத்திரைக்குக் கணக்குக் கேட்பது யார்?

மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளில் 2021 மே 31 அன்று ஒரு திருத்தம் அறிவிக்கப்பட்டது. உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள், அந்த அமைப்பின் செயற்களம் தொடர்பாக எதை எழுதி வெளியிடுவதானாலும், அதன் தலைவரிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்பது அதன் சாரம். உடன் பணியாற்றியவர்களைப் பற்றிய குறிப்பு, அவர்கள் வகித்த பதவி, பணியின் வழியே பெற்ற நிபுணத்துவம் ஆகியனவும் இதில் அடங்கும். எழுதப்பட்டது ரகசியத் தன்மை உடையதா, அமைப்பின் களத்துக்குள் வருகிறதா என்பதைத் தீர்மானிப்பவரும் அதே தலைவர்தான். விதியை மீறினால் ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்படலாம். முற்றிலும் பறிக்கப்படவும் கூடும்.

முதல் பார்வையில், இது தில்லியில் ஓய்வு பெற்ற சில உளவுத் துறை உயரதிகாரிகளை மட்டும் தொடும் விதி என்று தோன்றும். உண்மை அதுவன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ள அமைப்புகள் அனைத்துக்கும் இது பொருந்தும். உளவுத் துறையான ஐ.பி., வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’ ஆகியவற்றுடன் மத்திய ரிசர்வ் போலீஸ் படை, எல்லைப் பாதுகாப்புப் படை, மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை, அமலாக்க இயக்குநரகம், வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம், சிபிஐ என அந்தப் பட்டியல் நீள்கிறது. ராசிபுரம் போன்ற சிறு நகரங்களிலும் துணை ராணுவப் படைகளில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் இருக்கிறார்கள். முகாம் வாழ்க்கையின் நினைவுகளை ஒருவர் நூலாக்க விரும்பினாலும், விதியின் சொற்களின்படி, அனுமதிக் கடிதம் தேவைப்படலாம்.

2008-இல் செய்யப்பட்ட முந்தைய திருத்தமும் முன் அனுமதியைக் கோரியது. ஆனால், நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொருளாதார நலன், வெளிநாட்டு உறவு போன்றவற்றுக்குக் கேடு விளைவிக்கும் செய்திகளுக்கு மட்டுமே அது பொருந்தியது. 2021-இல் அந்த எல்லைக்கோடு அழிக்கப்பட்டு, ‘களம்’ என்னும் பரந்த சொல் நுழைந்தது. ஓய்வூதியம் என்பது அரசின் கருணைத் தொகை அன்று. செய்த பணிக்காக ஈட்டப்பட்ட உரிமை என்று உச்சநீதிமன்றம் 1982-இல் நகாரா வழக்கில் தெளிவுபடுத்தியது. ஈட்டிய ஊதியத்தின் ஒரு பகுதியை வாய்மூடலுக்கான பிணைத்தொகையாக மாற்றும் விதியை நியாயப்படுத்த வலுவான காரணம் வேண்டும்.

அரசுக்கு ரகசியங்களே கூடாது என்று யாரும் வாதிட முடியாது. 1985 ஜனவரியில் வெளிவந்த குமார் நாராயண் வழக்கில், பிரதமர் அலுவலகம் உள்ளிட்ட பல இடங்களின் கோப்புகள் பணத்துக்காக வெளிநாட்டவர் கைக்குச் சென்றது தெரியவந்தது. பிரதமரின் முதன்மைச் செயலராக இருந்த பி.சி. அலெக்சாண்டர் அப்போது பதவி விலகினார். பின்னாளில் அவர் தமிழக ஆளுநராகவும் இருந்தார். 2004-இல் ‘ரா’ அதிகாரி ரவீந்தர் சிங், கண்காணிப்பில் இருந்தபோதே நேபாளம் வழியாக அமெரிக்காவுக்குத் தப்பினார். தகவல் தருபவரின் பெயர், சங்கேதக் குறியீடு, படை நகர்வு ஆகியவை வெளியானால் உயிர்கள் போகும். அவற்றைக் காப்பது அரசின் கடமை. காக்க வேண்டியது எது, காப்பது என்னும் பெயரில் மறைக்கப்படுவது எது என்று பிரித்துச் சொல்லும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

நம் சட்டம் அந்தப் பிரிவினையைச் செய்வதில்லை. ஆங்கிலேயர் 1923-இல் இயற்றிய அலுவல் ரகசியச் சட்டமே இன்றும் நடைமுறையில் உள்ளது. அதில் ‘ரகசியம்’ என்னும் சொல்லுக்கே வரையறை இல்லை. அதன் மூன்றாம் பிரிவு ஒற்றறிதலுக்கு 14 ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. ஐந்தாம் பிரிவு, தகவலை வெளியிட்டவருடன் அறிந்தே பெற்றுக்கொண்டவரையும் தண்டிக்கிறது. கோப்பைக் காசுக்கு விற்றவரும், நிர்வாகக் குறையைச் சுட்டிக்காட்டியவரும் ஒரே சட்டத்தின் கீழ் நிற்க நேர்கிறது. ‘ரா’வில் பணியாற்றிய ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் வி.கே. சிங், அவ்வமைப்பில் பொறுப்புடைமை இல்லாததை விமர்சித்து 2007-இல் நூல் எழுதினார். அவர் மீது சிபிஐ இச்சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது. அதை ரத்து செய்ய 2023-இல் தில்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. நூலில் உள்ளவை நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்குமா என்பது விசாரணையில் முடிவாக வேண்டியது என்றது. நூல் வெளிவந்து 16 ஆண்டுகள் கடந்த பின்னரும் கேள்வி தொடக்கப் புள்ளியிலேயே நின்றது.

ரகசியங்கள் ஏன் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன என்பதற்குப் பொருளியலில் எளிய விடை உண்டு. ஒரு செயலின் பயன் ஒருவருக்கும், செலவு வேறொருவருக்கும் சேருமானால் அச்செயல் தேவைக்கு மேல் நடக்கும். ஆலை முதலாளி கழிவுநீரை ஆற்றில் விடுவது இந்தக் கணக்கில்தான். கோப்பின் மீது ‘ரகசியம்’ என்று முத்திரையிடும் அதிகாரிக்கு அதனால் எந்தச் செலவும் இல்லை. முத்திரையிடாமல் விட்டு நாளை ஏதேனும் நேர்ந்தால் விளக்கம் கேட்கப்படும். தேவையின்றி முத்திரையிட்டதற்காக விளக்கம் கேட்கப்பட்டவர் எவரும் இல்லை. ஆகவே, நேர்மையான அதிகாரிகூட முத்திரையையே தேர்ந்தெடுப்பார். இதில் தனிமனிதரின் குணக்கேட்டைத் தேட வேண்டியதில்லை. அமைப்பே அவரை அப்படி நடக்கத் தூண்டுகிறது. அமெரிக்காவில் செனட்டர் மொய்னிஹான் தலைமையிலான ஆணையம் 1997-இல் அளித்த அறிக்கை, ரகசியம் என்பது அரசு விதிக்கும் ஒருவகைக் கட்டுப்பாடே என்று விளக்கியது. வணிகத்தின் மீதான கட்டுப்பாடுகளைக் குடிமக்கள் அறிவார்கள். இந்தக் கட்டுப்பாடு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் வேறுபாடு.

அதிகாரி தராத விலையை வேறு சிலர் தருகிறார்கள். நாகர்கோவிலைச் சேர்ந்த இஸ்ரோ அறிவியலாளர் நம்பி நாராயணன், ராக்கெட் தொழில்நுட்ப ரகசியங்களை விற்றதாகக் கூறி 1994 நவம்பர் 30 அன்று கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு பொய்யானது என்று சிபிஐ 1996-இல் அறிக்கை தந்தது. 2018 செப்டம்பரில்தான் உச்சநீதிமன்றம் அவருக்கு ரூ.50 லட்சம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இடையில் போனது 24 ஆண்டுகள். பத்திரிகையாளர் இஃப்திகார் கிலானி 2002 ஜூனில் கைதானார். அவரிடம் இருந்த ஆவணம் பாகிஸ்தான் ஆய்வு நிறுவனம் ஒன்று ஏற்கெனவே வெளியிட்டது, யாரும் படிக்கக்கூடியது. ராணுவ உளவுப் பிரிவு அதை உறுதிசெய்து வழக்குத் திரும்பப் பெறப்படும் வரை ஏழு மாதங்கள் அவர் திகார் சிறையில் இருந்தார். முத்திரையை மறு ஆய்வு செய்யும் ஒரு நடுநிலை அமைப்பு இருந்திருந்தால் சில நாள்களில் முடிந்திருக்க வேண்டியது அது.

நாடும் விலை தருகிறது. 1962 சீனப் போரின் தோல்வியை ஆராய்ந்த ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 60 ஆண்டுகள் கடந்தும் அதிகாரபூர்வமாக வெளியிடப்படவில்லை. அதன் பெரும்பகுதியைப் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் 2014-இல் இணையத்தில் வெளியிட்ட பின்னரும் நிலை மாறவில்லை. இதற்கு மாறாக, 1999 கார்கில் போருக்குப் பின் அமைக்கப்பட்ட ஆய்வுக் குழுவைப் பாருங்கள். அதன் தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். சில பகுதிகள் மட்டும் நீக்கப்பட்டு, அவ்வறிக்கை 2000-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, நூலாகவும் வந்தது. உளவுத் தகவல்களைத் திரட்டுவதிலும் பகிர்வதிலும் இருந்த குறைகள் பொதுவெளியில் விவாதிக்கப்பட்டன. அதன் தொடர்ச்சியாக ராணுவ உளவு முகமையும் தேசியத் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பும் உருவாயின. தோல்வியைத் திறந்து பேசியதால் நாட்டின் பாதுகாப்பு குறையவில்லை, கூடியது.

இப்போது நம்மிடம் உள்ள மேற்பார்வை என்ன? ஐ.பி. 1887-இல் தோன்றியது, ‘ரா’ 1968-இல் அமைக்கப்பட்டது. இரண்டுக்கும் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் இல்லை. இவற்றைக் கண்காணிக்கத் தனி நாடாளுமன்றக் குழுவும் இல்லை. ரகசியப் பணிச் செலவுகளின் சீட்டுகள் வழக்கமான தணிக்கைக்கு வருவதில்லை. அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி தரும் சான்றிதழே போதுமானதாகிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் ஒரு சாளரத்தைத் திறந்தது. கேட்டால் ஏற்படும் தீங்கைவிடப் பொதுநலன் பெரிதாயின், 1923 சட்டத்தையும் மீறித் தகவல் தரலாம் என்று அதன் எட்டாம் பிரிவு கூறுகிறது. அட்டவணையில் உள்ள அமைப்புகளும் ஊழல், மனித உரிமை மீறல் தொடர்பான தகவல்களை மறுக்க முடியாது. ஆனால், விலக்கு பெறும் ஆசை பரவலானது. மாநிலங்களுக்கு அளிக்கப்பட்ட இதே அதிகாரத்தைப் பயன்படுத்தி, 2008-இல் தமிழக அரசு லஞ்ச ஒழிப்புத் துறைக்கு விலக்களித்தது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஊழலை விசாரிக்கும் துறையே உளவு, பாதுகாப்பு அமைப்புகளின் வரிசையில் நிற்கிறது.

நீதிமன்றங்கள் சில வரம்புகளை வகுத்துள்ளன. ரஃபேல் கொள்முதல் ஆவணங்களை ‘தி இந்து’ நாளிதழ் வெளியிட்டபோது, அவை திருடப்பட்டவை, ரகசியச் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவை என்று அரசு வாதிட்டது. 2019 ஏப்ரல் 10 அன்று உச்சநீதிமன்றம் அந்த ஆட்சேபத்தை நிராகரித்தது. பெகாசஸ் வழக்கில் 2021 அக்டோபர் 27 அன்று, தேசப் பாதுகாப்பு என்று சொல்வதாலேயே அரசு கேள்விகளில் இருந்து தப்பிவிட முடியாது என்றது. ஆயினும், தான் அமைத்த தொழில்நுட்பக் குழுவுக்கு மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்பதை அதே நீதிமன்றம் அடுத்த ஆண்டு பதிவுசெய்ய நேர்ந்தது. மீடியா ஒன் தொலைக்காட்சி வழக்கில் 2023 ஏப்ரல் 5 அன்று, மூடி முத்திரையிட்ட உறையில் ஆவணம் தரும் பழக்கத்தைக் கண்டித்தது. இவை அரிய தீர்ப்புகள். ஆனால், வழக்காடப் பொருளும் துணிவும் உள்ளவர்களுக்கு, தீங்கு நேர்ந்த பின் கிடைக்கும் நிவாரணம் இது. அன்றாட மேற்பார்வைக்கு இது மாற்றாகாது.

பிற மக்களாட்சி நாடுகள் இந்தச் சிக்கலைக் கடந்து வந்திருக்கின்றன. அமெரிக்காவில் உளவு அமைப்புகளின் அத்துமீறல்களை 1975-இல் சர்ச் குழு வெளிக்கொணர்ந்தது. அடுத்த ஆண்டே செனட்டில் நிரந்தர உளவுக் குழு அமைந்தது. ரகசிய வகைப்படுத்தலை மேற்பார்வையிடத் தனி அலுவலகம் 1978-இல் உருவானது. அங்கும் ஓய்வு பெற்ற உளவு அதிகாரிகள் கையெழுத்துப் பிரதியை முன்கூட்டியே காட்ட வேண்டும். ஆனால், முறைப்படி வகைப்படுத்தப்பட்ட ரகசியத்தை மட்டுமே நீக்கச் சொல்லலாம். மறுத்தால் நீதிமன்றத்தை அணுகலாம். பிரிட்டனில் 1994 சட்டத்தின்படி அமைந்த நாடாளுமன்றக் குழு உளவு அமைப்புகளின் செலவையும் நிர்வாகத்தையும் ஆராய்கிறது. நமக்கு 1923 சட்டத்தின் மாதிரியைத் தந்த அதே பிரிட்டன், தன் பழைய சட்டத்தின் பரந்த பிரிவை 1989-இல் நீக்கி, காக்க வேண்டிய தகவல் வகைகளை வரையறுத்துக்கொண்டது.

அரசியல்வாதிகளிடம் சொன்னால் ரகசியம் கசிந்துவிடும் என்பது வழக்கமான அச்சம். பிரிட்டனில் அக்குழுவின் உறுப்பினர்களும் ரகசியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களே. நம் நாட்டில் நடந்த பெரிய கசிவுகளோ, அமைப்புகளுக்கு உள்ளிருந்தவர்களால் நிகழ்ந்தவை.

நமக்கும் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம், 1923 சட்டத்தை நீக்க 2006-இலேயே பரிந்துரைத்தது. 2010 ஜனவரியில் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ஹமீது அன்சாரி, உளவு அமைப்புகளுக்கு நாடாளுமன்ற நிலைக்குழு வேண்டும் என்றார். 2011-இல் மணீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. ஆட்சிகள் மாறின, எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது வெளிப்படைத்தன்மை பேசியவர்கள், ஆட்சிக்கு வந்ததும் முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, ‘ரகசியம்’ என்பதற்குச் சட்டத்தில் வரையறை வேண்டும். வெளியானால் என்ன தீங்கு என்பதை முத்திரையிடுபவர் ஒரு வரியிலேனும் எழுத வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு முத்திரைக்கும் காலாவதி நாள் வேண்டும். நீட்டிக்க விரும்பினால் காரணம் காட்ட வேண்டும். மூன்றாவது, அமைப்பின் தலைவர் மறுத்தால் மேல்முறையீடு செய்யச் சுதந்திரமான குழு வேண்டும். அதன் முடிவுக்குக் காலவரம்பும் வேண்டும். ஓய்வூதிய விதியில் ‘களம்’ என்னும் சொல்லுக்குப் பதிலாக, பாதுகாப்புக்குக் கேடு தரும் தகவல் என்னும் பழைய எல்லை திரும்ப வேண்டும். நான்காவது, மூடிய அறையில் கூடும் நாடாளுமன்றக் குழு ஒன்று வேண்டும். எத்தனை கோப்புகள் ரகசியமாக்கப்பட்டன, எத்தனை விடுவிக்கப்பட்டன என்னும் எண்ணிக்கையையேனும் அது ஆண்டுதோறும் மக்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த நான்கில் எதுவும் ஓர் ஒற்றரின் பெயரையோ ஒரு சங்கேதக் குறியீட்டையோ வெளியிடச் சொல்லவில்லை.

எங்கள் ஊரின் பெயரைத் தம் பெயரின் முதலெழுத்தாகக் கொண்டிருந்தவர் கேலிச் சித்திரக்காரர் ஆர்.கே. லக்ஷ்மண். அவர் படைத்த சாமானிய மனிதன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு சொல்லும் பேசமாட்டான். இன்றைய விதிகளின் போக்கு, அவன் பார்க்கவும் கூடாது என்பதாக இருக்கிறது. வரி செலுத்துபவருக்கு எல்லா ரகசியங்களையும் அறியும் உரிமை இல்லை. ஆனால், தமக்கு மறைக்கப்படுவது மறைக்கத் தக்கதுதானா என்று தம் சார்பில் ஒருவர் பார்த்துவிட்டார் என்னும் உறுதியைப் பெறும் உரிமை அவருக்கு உண்டு. அந்த உறுதியைத் தர மறுக்கும் அரசை, உண்மையான ஆபத்து வந்து ரகசியம் காக்கச் சொல்லும் நாளில் மக்கள் நம்பத் தயங்குவார்கள்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), ராசிபுரம்.