வற்றல்

வற்றல் என்பது பருவத்தில் மிகுதியாகக் கிடைக்கும் காய்களை உப்பிட்டு, வெயிலில் உலர்த்திச் சேமிக்கும் உணவுப்பொருள் ஆகும். தமிழ்நாட்டிலும் இலங்கைத் தமிழரிடையேயும் இது வழக்கத்தில் உள்ளது. வற்றுதல் என்னும் வினையிலிருந்து இப்பெயர் உண்டானது. பேச்சு வழக்கில் வத்தல் எனப்படும். கூழிலிருந்து செய்யப்படும் வடாமும் சில இடங்களில் இப்பெயரால் அழைக்கப்படுகிறது. இக்கட்டுரை காய் வற்றலைப் பற்றியது.

தேவை

வீட்டுத் தோட்டத்தில் கத்தரி, வெண்டை, கொத்தவரை முதலியன சில வாரங்களுக்குள் ஒருசேரக் காய்த்துவிடுகின்றன. அப்போது விளைச்சல் வீட்டுத் தேவையை விஞ்சும். செடி ஓய்ந்தபின் காய் கிடைக்காது. கோடையில் போடப்படும் வற்றல் மழைக்காலத்தில் குழம்புக்கும், வறுத்துத் தொட்டுக்கொள்ளவும் உதவுகிறது.

செய்முறை

முற்றிய காய் நாராகிவிடும் ஆதலால் இளங்காய்களே ஏற்றவை.

* சுண்டைக்காய், மணத்தக்காளி: சுண்டைக்காயை இலேசாகத் தட்டி, உப்பிட்ட மோரில் ஊறவைப்பர். பகலில் மோரிலிருந்து எடுத்து உலர்த்தி, இரவில் அதே மோரில் இடுவர். மோர் முழுதும் உறிஞ்சப்படும்வரை இது தொடரும். பின்னர் நன்கு காயவைப்பர். மணத்தக்காளிக் காயையும் இவ்வாறே செய்வர். மோர் மிளகாயும் இம்முறையைச் சார்ந்ததே.
* கொத்தவரங்காய், கத்தரிக்காய்: உப்பு நீரில் அரைவேக்காடாக வேகவைத்து, நீரை வடித்து உலர்த்துவர்.
* மாங்காய்: துண்டுகளாக்கி, உப்பும் மஞ்சளும் கலந்து உலர்த்துவர்.

அறிவியல் அடிப்படை

கத்தரிக்காயின் எடையில் ஏறத்தாழ 92 விழுக்காடு நீர். எனவே 1 கிலோ காயில் திடப்பொருள் 80 கிராம் மட்டுமே. ஈரப்பதம் 10 விழுக்காடாகும்வரை உலர்த்தினால், உப்பு நீங்கலாக, சுமார் 90 கிராம் வற்றல் கிடைக்கும்.

நுண்ணுயிர்கள் பயன்படுத்தக்கூடிய நீரைக் குறிக்கும் அளவு நீர்ச் செயற்பாடு எனப்படும். தூய நீருக்கு இது 1 ஆகும். 0.6க்குக் கீழே நுண்ணுயிர்கள் வளர்வதில்லை. உப்பு, சவ்வூடு பரவல் மூலம் காயின் நீரை வெளியேற்றுகிறது. மோரிலுள்ள லாக்டிக் அமிலம் பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. வேகவைத்தல், நிறத்தையும் சுவையையும் கெடுக்கும் நொதிகளைச் செயலிழக்கச் செய்கிறது.

கவனிக்க வேண்டியவை

வெளிப்புறம் காய்ந்து உள்ளே ஈரம் தங்கிய வற்றலே விரைவில் கெடும். துண்டுகள் தடிமனாக இருந்தாலும், இடையில் வானம் மூடியிருந்தாலும் இவ்வாறு நேரும். நன்கு காய்ந்த வற்றல் ஒடித்தால் சட்டென முறியும். வளைந்தால் மேலும் உலர்த்த வேண்டும். வெயிலில் காய்ந்ததைச் சூடு ஆறியபின்னரே காற்றுப் புகாத கலனில் இடவேண்டும். இல்லாவிடில் உள்ளே நீர் வியர்த்துவிடும்.

ஈரம் தங்கிய வற்றலில் வளரும் சில பூஞ்சைகள் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கக்கூடும். இது கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். எண்ணெயில் வறுப்பதால் இந்நஞ்சு முழுமையாக அழிவதில்லை. ஆதலால் பூஞ்சை படிந்த வற்றலைத் துடைத்தோ மீண்டும் காயவைத்தோ பயன்படுத்தலாகாது; எறிந்துவிட வேண்டும்.

உலர்த்தும்போது உயிர்ச்சத்து சி பெருமளவு குறைகிறது. நார்ப்பொருள் பெரும்பாலும் எஞ்சுகிறது. உப்பு மிகுந்திருப்பதால் உயர் இரத்த அழுத்தம் உடையோர் அளவாக உண்பது நன்று.