ஊர்விதியா, உபவிதியா?

மன்னார் நகரசபையின் அறிவித்தல் ஒன்றைப் படித்துவந்த மாணவர் ஒருவர், “ஐயா, உபவிதி என்றால் விதியிலும் தாழ்ந்த விதியா? மீறினாற் குற்றமில்லையா?” என்று எம்மிடம் வினவினார். விடை தேடப் புகுந்தபோது, அச்சொல்லின் பின்னே ஒரு பழைய மயக்கம் இருப்பதைக் கண்டோம்.

‘உபவிதி’ என்பது ஆங்கிலத்துப் ‘பைலோ’ என்னும் சொல்லின் மொழிபெயர்ப்பு. (போர்த்துக்கேயர் வழிவந்த பைலா ஆட்டத்தோடு இதனைக் குழப்பவேண்டா.) ‘பை’ என்பதற்குப் பக்கம் என்ற பொருளுண்டு. ஆகவே பெருஞ்சட்டத்தின் பக்கத்தே நிற்கும் சிறுசட்டம் என்று ஆங்கிலேயரே பிற்காலத்திற் கருதலாயினர். நாமும் ‘உப’ எனப் பெயர்த்துக்கொண்டோம்.

உண்மையில் அந்தப் ‘பை’ வேறு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திற் குடியேறிய டேனியரின் மொழியில் அஃது ஊரைக் குறித்தது; இன்றைய டேனிய மொழியிலும் அதுவே பொருள். எருக்கலம்பிட்டியின் ஈற்றிலே ‘பிட்டி’ நிற்பதுபோல, கிரிம்ஸ்பி, விட்பி என்னும் ஊர்ப்பெயர்களின் ஈற்றில் அச்சொல் நிற்கின்றது. மேய்ச்சல், அறுவடை முதலியன குறித்து ஊரார் கூடித் தமக்கெனச் செய்துகொண்ட கட்டுப்பாடே ‘பைலோ’.

இக்கருத்துக்குத் தமிழிற் சொல் இல்லாமலில்லை. ‘தேசவழமை’ என்பதைப் பாருங்கள். தேசம் வடசொல்; வழமையோ ‘வழங்கு’ என்பதனோடு உறவுடைய தமிழ்ச்சொல். ஈழத்தவர் நாள்தோறும் “வழமைபோல்” என்கிறோம். வழக்கமும் வழக்கும் அதற்கு உடன்பிறப்புகள். மக்களின் நடைமுறைக்கும் நீதிமன்ற விவகாரத்துக்கும் ‘வழக்கு’ என்ற ஒரே சொல் வழங்குவது சிந்திக்கத்தக்கது.

மன்னாரும் யாழ்ப்பாணப்பட்டின ஆட்சிப் பிரிவில் அடங்கியிருந்த ஒல்லாந்தர் காலத்தில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி யாழ்ப்பாணத் தமிழரின் வழமைகளைத் தொகுத்து 1707-இல் அளித்தார். அத்தொகுப்பைத் தமிழிற் பெயர்த்துப் பன்னிரு முதலியார்களிடம் காட்டி அவர்தம் உடன்பாடும் பெற்றனர். ஆங்கிலேயர் 1806-இல் அதற்குச் சட்டவலு அளித்தனர். ஆள்வோர் அவ்வழமைகளை எழுதிவைத்தார்களேயன்றி இயற்றவில்லை.

இன்றைய நகரசபை விதிகளோ 1939-ஆம் ஆண்டின் 61-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தந்த அதிகாரத்தாற் பிறப்பவை. அவ்வளவில் ‘உப’ பொருந்தும். ஆயினும் அவற்றை மீறுவோர் தண்டத்துக்கு உள்ளாவர் என்பதை மாணவருக்கு முதலில் உணர்த்தினோம். பின்னர், ‘ஊர்விதி’ என்பதே எமக்கு உவந்த சொல் என்றோம். பரீட்சையில் மட்டும் ‘உபவிதி’ என்றே எழுதும்படி சொல்லிவைத்தோம்.