உங்களுக்குத் தெரியுமா? கோல்ஃப் மட்டையின் துருவை வீட்டிலேயே நீக்கலாம்

● எல்லா கோல்ஃப் மட்டைகளும் துருப்பிடிப்பதில்லை. டைட்டானியம் தலைக்கும் கிராஃபைட் தண்டுக்கும் துரு அண்டாது. கார்பன் எஃகில் அடித்துச் செய்த ‘அயர்ன்’, ‘வெட்ஜ்’ மட்டைகளுக்குத்தான் ஆபத்து. அவற்றைக் காப்பது மேலே உள்ள குரோமியப் பூச்சு.

● சில வெட்ஜ்கள் பூச்சே இல்லாமல் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் துரு படர்வது இயல்பு. அது தயாரிப்புக் குறை அல்ல.

● ஈரப்புல்லில் ஆடிய மட்டையைத் துடைக்காமல் உறை மாட்டி வைத்தால், உள்ளே அடைபட்ட ஈரம் இரும்போடும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடும் சேர்ந்து துருவாகிறது.

● வெள்ளை வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் துருவைக் கரைக்கும். துருப்பிடித்த இடத்தை மட்டும் சிறிது நேரம் நனைய விட்டு, பழைய டூத் பிரஷால் தேயுங்கள். பின்பு ஆப்பசோடா கரைத்த நீரில் கழுவினால் மிச்ச அமிலம் செயலிழக்கும்.

● குரோமியப் பூச்சில் துருப்புள்ளிகளா? கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேயுங்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது. முரட்டுக் கம்பி நாரும் உப்புத்தாளும் வேண்டாம். அவை பூச்சைக் கீறிவிடும், கீறலில் மீண்டும் துரு ஏறும்.

● மட்டை முகத்தின் பள்ளக் கோடுகளை அரத்தால் ராவக் கூடாது. அவற்றின் அளவுக்கும் வடிவத்துக்கும் ஆட்ட விதிகளில் வரம்பு உண்டு.

● கடைசியாக, ஈரம் போகத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை ஒரு துளி துணியில் தொட்டுப் பூசுங்கள். ஆடும் முன் அதைத் துடைத்துவிடுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் மட்டையை உலர்த்தி வைத்தால், துரு நீக்கும் வேலையே பெரும்பாலும் மிச்சம்!