காரீயம் பூசிய கதவும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பும்

வாடகை வீட்டில் காரீயம் இருக்கிறதா எனப் பரிசோதிக்கும் கடமையை நம் நாட்டில் எந்தச் சட்டமும் உரிமையாளர் மீது சுமத்தவில்லை. வீட்டு வண்ணப்பூச்சில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்னும் ஒன்றிய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகள், 2017 நவம்பர் முதல் உற்பத்தியையும் விற்பனையையுமே கட்டுப்படுத்துகின்றன. அதற்கு முன் அடித்த பூச்சு அப்படியே இருக்கிறது.

ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு. காரீயத்தின் ஆபத்து சுண்ணாம்புச் சுவரைவிடக் கதவு, ஜன்னல், கிரில்லின் பழைய எனாமல் பூச்சில்தான் அதிகம். உதிரும் தூள் தவழும் குழந்தையின் வாய்க்குப் போகிறது. விழுங்கிய காரீயத்தைக் குழந்தையின் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு உறிஞ்சும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, தமக்குத் தெரிந்த, குடியேறுபவரால் எளிதில் கண்டறிய முடியாத முக்கியக் குறையை உரிமையாளர் சொல்லியாக வேண்டும் என்கிறது. சிக்கல் 'தெரிந்த' என்ற சொல்லில்தான். பரிசோதிக்காதவருக்கு எதுவும் தெரியாது. அறியாமையே அவருக்குக் கேடயமாகிவிடுகிறது. 1978க்கு முந்தைய வீடுகளுக்கு எழுத்துப்பூர்வ அறிவிப்பைக் கட்டாயமாக்கிய அமெரிக்காவின் 1992ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே ஓட்டை உண்டு.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் ஓரளவு உதவும். ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாதவரை, கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் அடிப்பது உரிமையாளரின் பொறுப்பு என்கிறது அதன் அட்டவணை. பூச்சு உதிர்ந்தால் தென்காசியிலோ குற்றாலத்திலோ வாடகை அதிகார அமைப்பிடம் முறையிடலாம். ஆனால் அச்சட்டம் நகர்ப்புறங்களுக்கே உரியது. இலத்தூர் போன்ற ஊராட்சிகளில் ஒப்பந்தத்தில் எழுதியதே பாதுகாப்பு.

அந்த ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறது? "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியால் நான்கு வாசல்களில் திருப்பி அனுப்பப்பட்டு, ஐந்தாவதில் இடம் பெற்ற தலித் குடும்பம் வண்ணப்பூச்சைப் பற்றிக் கேட்காது, எழுத்தில் கேட்டால் வீடே போய்விடும். ஆகவே கேட்கும் சுமையை வாடகைதாரரிடம் விடும் எந்த ஏற்பாடும் நம் மக்களுக்குப் பயன்படாது. பரிசோதனையை உரிமையாளரின் கடமையாக்கி, வாடகைச் சட்டத்தை ஊராட்சிகளுக்கும் விரிவாக்க வேண்டும்.

அதுவரை, கடைசியாக வண்ணம் அடித்த ஆண்டை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். புதிதாக அடிக்கும்போது டப்பாவில் காரீய அளவு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பூச்சை உலர்ந்த நிலையில் சுரண்ட விடாதீர்கள். நனைத்தே சுரண்ட வேண்டும். வேலை முடிந்து ஈரத்துணியால் துடைக்கும்வரை குழந்தைகள் உள்ளே இருக்கக் கூடாது. வண்ணம் அடிக்கும் தொழிலாளிக்கும் தூசியைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும்.