ஏ.சி. தண்ணீர்க் குழாயைக் கழிவுக் குழாயில் நேராகச் செருகலாமா?

குளியலறைத் தரை வழியே வந்த தொற்று

2003 மார்ச் இறுதியில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் வேகமாகப் பரவியது. ஏப்ரல் நடுவுக்குள் 321 பேருக்குத் தொற்று. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் 33 மாடி 'ஈ' பிளாக்கில் வசித்தவர்கள். வெவ்வேறு மாடிக்காரர்களுக்கு ஒரே நேரத்தில் நோய் வந்தது எப்படி என்று துருவியவர்களின் கவனம் குளியலறைத் தரைவடிகாலில் போய் நின்றது. அதன் அடியில் 'யு' வடிவ டிராப் இருக்கும். அந்த வளைவில் தேங்கி நிற்கும் நீர்தான் சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் விடாமல் மறிக்கிறது. தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்து மட்டுமே வந்த வீடுகளில் அந்த நீர் வற்றிப்போயிருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும், நோயாளியின் கழிவு கலந்த நுண்துளிகள் கழிவுக் குழாயிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டன. வெளிக்காற்று வழியாகவும் கிருமி பரவியது என்று பின்னால் வந்த ஆய்வு வாதிட்டது. அதுவும் கிருமி குளியலறைக்குள் வந்த வழியை மறுக்கவில்லை. வற்றிய டிராப், இழுக்கும் விசிறி இரண்டும் ஒன்றுசேர்ந்ததுதான் ஆபத்து. இந்த இரண்டும் ஏ.சி.யிலும் உண்டு.

விசிறி இழுப்பது எதை?

அலுவலகம், மருத்துவமனை, திரையரங்குகளில் உள்ள பெரிய ஏ.எச்.யு. (காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும்) பெட்டிகளில் பெரும்பாலும் குளிர்காயிலுக்குப் பின்னால் விசிறி இருக்கும். அதனால் காயிலில் வடியும் நீரைப் பிடிக்கும் டிரெய்ன் டிரே, விசிறி உறிஞ்சும் பக்கத்தில் அமைகிறது. டிரேயிலிருந்து இறங்கும் குழாயில் டிராப் இல்லாவிட்டால் வெளிக்காற்று குழாய் வழியே மேலேறி, இறங்க வேண்டிய நீரைத் தடுத்து நிறுத்தும். டிரே நிரம்பி ஃபால்ஸ் சீலிங்கில் ஒழுகும். தேங்கிய நீரில் பாசியும் பூஞ்சையும் படியும். ஏதோ ஒரு வளைவு இருந்தால் போதும் என்பதும் சரியல்ல. வளைவில் நிற்கும் நீரின் உயரம் விசிறியின் உறிஞ்சு அழுத்தத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். இல்லையேல் விசிறி அந்த நீரையே இழுத்துவிடும்.

டிராப் போட்ட பிறகும் இடைவெளி எதற்கு?

ஏ.சி. ஓடும்வரைதான் அந்த டிராப்புக்குத் தண்ணீர் வரும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் அது வற்றும். அந்தக் குழாய் கழிவுக் குழாயோடு நேராக இணைந்திருந்தால், மறுபடி விசிறியைப் போட்ட கணம் சாக்கடைக் காற்று உள்ளே வந்து எல்லா அறைகளுக்கும் போகும். அதனால்தான் ஏ.சி. குழாய் வடிகாலுக்கு மேலே, திறந்த வெளியில் முடிய வேண்டும் என்கிறோம். குழாய் விட்டத்தைப் போல் இரு மடங்கு இடைவெளி விடுவது வழக்கம். டிராப் வற்றினாலும் அந்த இடத்துக் காற்றைத்தான் விசிறி இழுக்கும், சாக்கடைக் காற்றை அல்ல. கீழே அடைத்துக்கொண்டால் கழிவு தரையில் வழிந்து கண்ணில் படும், டிரேக்கு ஏறாது. கழிவுநீரும் நல்ல நீரும் குழாய் வழியே தொட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 1933இல் சிகாகோ விடுதிகளில் பரவிய அமீபா சீதபேதி சாட்சி: குழாய்க் கோளாறால் குடிநீரில் கழிவு கலந்து 98 பேர் இறந்தார்கள்.

'சுத்தமான தண்ணீர்தானே?'

காற்றின் ஈரம்தான் ஏ.சி. நீர், அதில் பெரிய அழுக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் அஞ்ச வேண்டியது குழாயில் இறங்குவதை அல்ல, ஏறி வருவதை. வீட்டுச் சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி.யில் உறிஞ்சு அழுத்தம் மிகக் குறைவு, ஆகவே ஆபத்தும் குறைவு என்று யாராவது வாதிட்டால் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கழிப்பறைக் குழாயில் துளையிட்டு, டிராப் எதுவுமின்றி ஏ.சி. குழாயைச் செருகிவிடும்போது, நாற்றத்துக்கும் கரப்பானுக்கும் படுக்கையறை வரை நேர்வழி கிடைத்துவிடுகிறது. பால்கனி வாளியில் சொட்டவிடுவது இதைவிட நல்லது. ஆனால் வாரம் ஒருமுறையாவது வாளியைக் கவிழ்த்துத் தேய்க்காவிட்டால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். குளியலறையில் விடுவதானால், குழாயின் முனை தரைவடிகாலின் (நகானி டிராப்) சல்லடைக்கு மேலே நிற்கட்டும், உள்ளே நுழைய வேண்டாம். கோடையில் முதல்முறை ஏ.சி.யைப் போடும் முன் அந்தச் சல்லடையில் இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.